பேச்சுக் கருவி வாங்கும் முன் உங்கள் கழுத்தில் வைத்துப் பாருங்கள்

புற்றுநோயால் என் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். மூச்சு இப்போது கழுத்துத் துளை வழியாகத்தான். கதிர்வீச்சும் முடிந்து, எழுதிக் காட்டியே காலம் தள்ளிய சமயத்தில் ஒரு விற்பனையாளர் எலக்ட்ரோலாரிங்ஸோடு வந்தார். டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் அழுத்திப் பொத்தானைப் பிடித்தால் அதிரும். அந்த அதிர்வை நாம் நாக்காலும் உதட்டாலும் சொல்லாக்க வேண்டும்.

அவர் தன் கழுத்தில் வைத்துப் பேசிக் காட்டினார். அவ்வளவு தெளிவு! என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரே வாரம் சார், நீங்களும் இப்படிப் பேசுவீங்க. வால்வு கீல்வுன்னு வெச்சுக்காதீங்க, ஒழுகும்” என்றார். வால்வு என்றால், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துளையிட்டுப் பொருத்தும் சின்னக் குழல். மூச்சுக்காற்றைத் தொண்டைப் பக்கம் திருப்பிப் பேச வைக்கும். வாங்கிவிட்டோம்.

அவர் கழுத்து கத்தி படாத கழுத்து. குரல்வளையும் உள்ளேயே இருக்கிறது. சொந்தக் குரலைக் கொஞ்சம் கலந்துவிட்டாலும் யாருக்குத் தெரியும்? எனக்கு இது அப்புறம்தான் உறைத்தது. என் கழுத்தோ கதிர்வீச்சில் பலகையாக இறுகிக் கிடந்தது. எங்கே வைத்தாலும் அதிர்வு உள்ளே போகவில்லை, வெளியே வண்டு ரீங்காரம்தான். பத்து நாளில் பேட்டரியும் சார்ஜ் நிற்கவில்லை. உற்றுப் பார்த்தால் முனையெல்லாம் தேய்ந்திருக்கிறது. யாரோ உபயோகித்த கருவி!

புகாருக்கு என்று கொடுத்தது ஒரே ஒரு போன் நம்பர். குரலில்லாதவனுக்குப் போன் நம்பர்! அந்தக் கருவியை வைத்தே பேசிப் பார்த்தேன். “ஏதோ இரைச்சலா வருது” என்று வைத்துவிட்டார்கள். மனைவி பேசினாள். உடம்பில் பட்ட பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

பேச்சுப் பயிற்சியாளர் பார்த்ததும் கேட்டது, “வாய்க்குழாய் எங்கே?” முனையில் மாட்டி, ஒலியை நேராக வாய்க்குள் கொண்டுபோகும் சின்னக் குழாய். இறுகிய கழுத்துக்காரர்களுக்கு அதுதான் வழி. பெட்டியில் அது இல்லவே இல்லை. அவரிடமிருந்த கருவியைக் குழாயோடு கொடுத்துப் பழக்கினார். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, சொற்றொடர் முடிந்ததும் பொத்தானை விட்டு. பல வாரம் பிடித்தது. வால்வு ஒழுகும் என்பதும் பாதி உண்மைதானாம். சில மாதங்களில் தேய்ந்து ஒழுகத் தொடங்கும், மருத்துவமனையில் மாற்றிக்கொள்ளலாம். உணவுக்குழாயில் காற்றை இழுத்து ஏப்பம்போல விட்டுப் பேசும் முறைக்குக் கருவியே வேண்டாம், ஆனால் மாதக்கணக்கில் பழக வேண்டும்.

ஆகவே விற்பவர் கழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் கழுத்திலும் கன்னத்திலும் வைத்துப் பாருங்கள், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும். திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். என் பணம் இன்னும் வரவில்லை. மனைவிக்கு முதன்முதலில் தெளிவாகப் புரிந்த என் வாக்கியம், அந்த ஆளைத் திட்டியதுதான்.