சிப்பாயின் துப்பாக்கி எதில் போக வேண்டும்: டிக்கெட் விமானமா, சார்ட்டரா, ராணுவ விமானமா?

அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் ஷானன் என்று ஒரு விமான நிலையம் இருக்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கும் இடம். 2002-க்குப் பிறகு 25 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் வந்தது ராணுவ விமானத்தில் இல்லை, நாமெல்லாம் ஏறுகிற போயிங் 767 மாதிரியான பயணிகள் விமானத்தில். துப்பாக்கியும் கூடவே வந்தது. இது சரியா, இதைவிட நல்ல வழி இல்லையா என்று கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில், டிக்கெட் வாங்கிப் போகும் சாதாரண விமானம். இதில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. அமெரிக்க உள்நாட்டு விதிப்படி துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும், செக்-இன் கவுண்டரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பெட்டி சரக்கு அறைக்குத்தான் போகும். சாவி மட்டும் பயணியின் சட்டைப் பையில். தோட்டாவுக்கும் தனி டப்பா, அதற்கும் எடைக் கட்டுப்பாடு. உத்தரவின் பேரில் போகிற சிப்பாயும் இதே வரிசையில்தான் நிற்கிறார், சீருடைக்காக விதி வளைவதில்லை. ஒரு துப்பாக்கி, ஒரு ஆள், ஒரு கையெழுத்து. எதுவும் தொலைந்தால் யாரைக் கேட்பது என்பது தெளிவாக இருக்கிறது. ஆனால் பல நூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியனை இப்படி அனுப்ப முடியாது, அது வேறு விஷயம்.

அதனால்தான் சார்ட்டர், அதாவது ராணுவம் மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் விமானம், வருகிறது. தனியார் நிறுவனத்தின் விமானம், தனியார் விமானி, உணவு பரிமாறப் பணிப்பெண்கள், ஆனால் இருக்கைகளில் முழுக்கச் சிப்பாய்கள். குவைத் பக்கம் போகும் இந்த மாதிரி விமானங்களில் ரைஃபிளை இருக்கைக்கு அடியில், காலடியில் கிடத்திக்கொண்டு பயணம் செய்வது வழக்கம்தான், தோட்டா மட்டும் கையில் இருக்காது. ராணுவத்துக்கு இது ஏன் பிடிக்கிறது என்றும் புரிகிறது. சி-17 ராணுவ விமானம் வழக்கமான இருக்கை அமைப்பில் 102 துருப்புகளை ஏற்றும், அதுவும் பாதிப் பேர் சுவரை ஒட்டிய மடக்கு இருக்கையில், காதடைக்கும் இரைச்சலில். ஒரு 767-ல் இருநூறு பேருக்கு மேல் வசதியாகத் தூங்கிக்கொண்டே போய்விடலாம்.

எனக்கு உறுத்துவது இதற்குப் பின்னால் இருக்கும் சட்டம். 1944-ன் சிகாகோ உடன்படிக்கையில் 35-ஆவது பிரிவு, ஒரு நாட்டின் அனுமதி இல்லாமல் அதன் மேலே போர்த்தளவாடங்களைக் கொண்டுபோகக் கூடாது என்கிறது. அயர்லாந்து இதற்கு இரண்டு வாசல் வைத்திருக்கிறது. வெளிநாட்டு ராணுவ விமானம் என்றால் வெளியுறவு அமைச்சரிடம் போக வேண்டும், அங்கே நிபந்தனை கறாரானது: விமானத்தில் ஆயுதம் பொருத்தியிருக்கக் கூடாது, உள்ளேயும் ஆயுதம், வெடிமருந்து இருக்கக் கூடாது, உளவு வேலை கூடாது, ராணுவப் பயிற்சியின் பகுதியாகவும் இருக்கக் கூடாது. சிவிலியன் விமானம் என்றால் போக்குவரத்து அமைச்சர், 1973-ஆம் ஆண்டு ஆணையின் கீழ் விலக்கு வாங்கினால் ஆயுதத்தோடே வரலாம். அதாவது ராணுவ விமானம் துப்பாக்கி கொண்டுவர முடியாத நாட்டுக்குள் பயணிகள் விமானம் கொண்டுவர முடிகிறது! நடுநிலை நாடு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு தேசத்தில் இது எப்படி இத்தனை வருஷம் ஓடுகிறது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பெரும்பாலும் சிப்பாய்களுக்கு ஆளுக்கென்று கொடுக்கப்பட்ட துப்பாக்கிகள்தான், தோட்டா இல்லாமல் வருகின்றன என்று அரசு சொல்கிறது. சரி, திறந்து பார்த்தது யார்? பார்க்கத்தான் போகிறோம் என்று 2014 ஜூலையில் கிளேர் டேலி, மிக் வாலஸ் என்ற இரண்டு எம்.பி.க்கள் ஓடுபாதைப் பக்கம் நுழைந்தார்கள். கைது, ஆளுக்கு 2,000 யூரோ அபராதம், கட்ட மாட்டோம் என்றதால் அடுத்த வருஷம் டிசம்பரில் சில மணி நேரம் லிமெரிக் சிறை.

ராணுவ விமானம் மட்டும் யோக்கியமா என்றால், 2013 செப்டம்பரில் 30 மி.மீ. பீரங்கி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு அமெரிக்க ஹெர்குலிஸ் ராணுவ விமானம் அதே ஷானனில் இறங்கியது. நிர்வாகத் தவறு என்றது தூதரகம். ஆனால் ஒன்று கவனியுங்கள், அது எல்லார் கண்ணிலும் பட்டது. பீரங்கியை மறைக்க முடியாது, வெள்ளைப் பெயின்ட் அடித்த 767-ன் வயிற்றுக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?

அப்புறம் எடை. இதை யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பயம். 1985 டிசம்பர் 12, கனடாவின் காண்டர். சினாய் அமைதிப்படைப் பணி முடிந்து கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் 248 பேர் (பெரும்பாலும் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவுக்காரர்கள்), ஊழியர்கள் 8 பேர், ஆரோ ஏர் நிறுவனத்தின் டிசி-8 சார்ட்டரில் கிளம்பிய சில நொடிகளில் விழுந்து ஒருவர்கூட மிஞ்சவில்லை. விசாரணை வாரியத்தில் ஐந்து பேர் இறக்கையில் படிந்த பனியைச் சொன்னார்கள், நான்கு பேர் ஏற்கவில்லை. ஆனால் அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: சாதாரணப் பயணிக்கான சராசரி எடையைப் போட்டுக் கணக்குப் பார்த்ததில், விமானத்தின் உண்மையான எடை தாளில் எழுதியதைவிடப் பல டன் கூடுதலாக இருந்தது. சுமையோடு ஏறும் சிப்பாய் விடுமுறைக்குப் போகிறவரின் எடையில் இருப்பாரா? கிளம்பும் வேகத்தைத் தீர்மானிப்பதே அந்தக் கணக்குதான்.

ஆக, தனி ஆள், ஒற்றைத் துப்பாக்கி என்றால் பூட்டிய பெட்டியும் கவுண்டரும் போதும், அதைவிட ஒழுங்கான வழி இல்லை. கூட்டமாகப் போனால் ராணுவ விமானம்தான் என் தேர்வு, செலவும் இரைச்சலும் கூடினாலும். சார்ட்டரை விடவே முடியாது என்றால், ஒவ்வொரு சிப்பாயையும் ரைஃபிளோடும் பையோடும் தராசில் ஏற்றி எடை போடட்டும், இறங்கும் நாட்டின் போலீஸ் சரக்கு அறையைத் திறந்து எண்ணிப் பார்க்கட்டும். அது சிவிலியன் விமானம்தானே, திறக்கக் கூடாது என்று சொல்ல அவர்களிடம் காரணம் எதுவும் இல்லை.