தனிக் குர்குமினா, மிளகுச் சத்தோடா?

வேலூருக்குப் புற்றுநோய் சிகிச்சைக்கு வருபவர்கள் மஞ்சள் பற்றிக் கேட்காமல் போவதில்லை. சமையல் மஞ்சள்தூளில், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் ஏறத்தாழ 3 சதவீதம்தான். ஆய்வில் கொடுக்கும் 8 கிராமைத் தூளாகச் சாப்பிட, தினம் கால் கிலோவுக்கு மேல் வேண்டும். ஆகவே போட்டி இரண்டு மாத்திரைகளுக்கு இடையேதான்.

தனிக் குர்குமின்: 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாளுக்கு 16. பெரும்பகுதி குடலோடு போய்விடும். உள்ளே போனதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். 2008-ல் வெளியான அமெரிக்கக் கணையப் புற்றுநோய் ஆய்வில் இதே 8 கிராம் கொடுத்தார்கள். மதிப்பிட முடிந்த 21 பேரில் இருவரிடம் மட்டுமே பலன் தெரிந்தது. வயிற்றுப்போக்கு வரலாம், மற்றபடி உடல் தாங்கும்.

மிளகின் பைப்பரின் சேர்த்தது: 1998-ல் பெங்களூரு ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்தது 20 மடங்கானது. ஆனால் கல்லீரலின் கதவை அடைத்துத்தான் பைப்பரின் இதைச் சாதிக்கிறது. அதே கதவு வழியாக வெளியேறும் கீமோ மருந்தும் உடலில் தேங்கலாம். மார்பகப் புற்றுநோய் மருந்தான டாமாக்சிஃபென் எடுப்பவர்களிடம் நேர்மாறு: 2019 நெதர்லாந்து ஆய்வில் அந்த மருந்து உடலில் மாறி உண்மையில் வேலை செய்யும் வடிவமான எண்டாக்சிஃபென் குறைந்தது, பைப்பரின் சேர்ந்தபோது இன்னும் அதிகமாக. கல்லீரல் வீக்கமும் பதிவாகியிருக்கிறது.

ஆய்வகத் தட்டில் வளர்க்கும் புற்றுநோய்ச் செல்கள் மீது சோதிக்கும்போது இரண்டுமே ஏமாற்றும். எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்பதை நிறத்தை வைத்து அளக்கிறார்கள்; குர்குமினின் மஞ்சள் நிறம் அந்த அளவோடு கலந்துவிடும். தட்டில் செல் இல்லாத, மருந்து மட்டும் உள்ள குழியின் அளவைக் கழிக்காமல் கணக்கிட்டால் முடிவு பொய்.

சிகிச்சை நடக்கும்போது பைப்பரின் சேர்த்த மாத்திரை வேண்டாம். தனிக் குர்குமினையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் இந்தக் கணக்கில் வராது.