புரதத் தரவு வங்கியில் அட்டோர்வாஸ்டாட்டின்: ஒரு பயனர் மதிப்புரை

புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைத் திரட்டி வைக்கும் புரதத் தரவு வங்கி, 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் ஏழே அமைப்புகளுடன் தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்ட அதன் பதிவுகளை எவரும் கட்டணமின்றி உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். ஒரு மருந்து தன் நொதியில் எவ்வாறு பொருந்துகிறது என்பதை, கல்லூரி அளவில் உயிர்வேதியியல் படித்த ஒருவர் இத்தளத்தைக் கொண்டே அறிந்துகொள்ள முடியுமா என்று பார்க்க 1எச்டபிள்யூகே என்ற பதிவை எடுத்துக்கொண்டேன். கொலஸ்ட்ரால் மாத்திரையாகப் பல வீடுகளில் புழங்கும் அட்டோர்வாஸ்டாட்டின், உடலில் கொலஸ்ட்ரால் உருவாக உதவும் மனித எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் நொதியின் வினையூக்கப் பகுதியோடு பிணைந்திருக்கும் நிலையை அது காட்டுகிறது. டல்லாஸில் பணியாற்றிய ஈவா இஸ்த்வானும் யோஹான் டைசன்ஹோஃபரும் 2001இல் வெளியிட்ட இவ்வமைப்பின் பிரிதிறன், அதாவது எவ்வளவு நுண்ணிய விவரம் தெரிகிறது என்பதன் அளவு, 2.22 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு).

தளத்துடன் வரும் மோல்ஸ்டார் காட்சிக் கருவி விரைவாக இயங்குகிறது. மருந்து மூலக்கூறைச் சொடுக்கினால் சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் விரிந்து, பிணைப்புகள் புள்ளிக்கோடுகளாகத் தெரிகின்றன. நொதியின் இயல்பான வினைபொருளில் உள்ள எச்எம்ஜி பகுதியை ஒத்த மருந்தின் முனை, அதே இடத்தில் அமர்ந்து செரின் 684, அஸ்பார்டிக் அமிலம் 690, லைசின் 692 ஆகிய அமினோ அமிலங்களோடு (எண்கள் சங்கிலியில் அவற்றின் இடத்தைக் குறிக்கும்) பிணைந்திருப்பதை நிதானமாகச் சுழற்றிப் பார்க்கலாம். எனினும் புரதப் படிகத்தில் எக்ஸ்கதிர் செலுத்திப் பெற்ற இவ்வமைப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் பதிவாகவில்லை. ஹைட்ரஜன் பிணைப்பாகக் காட்டப்படும் கோடுகள் தூரத்தையும் கோணத்தையும் கொண்டு கருவி கணித்தவையே என்பதை முகப்பிலேயே சொல்லியிருக்கலாம்.

குழப்பம் அடுத்த படியில் தொடங்குகிறது. நொதி நான்கு சங்கிலிகளாகத் திரையில் விரிகிறது. நெரிசலைக் குறைக்க ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்தால், மருந்து அமரும் குழியின் ஒரு பக்கச் சுவரே காணாமல் போகிறது, ஏனெனில் வினை மையம் இரு சங்கிலிகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. அட்டோர்வாஸ்டாட்டின் உள்ளிட்ட ஸ்டாட்டின் வகை மருந்துகளின் நீர்விலக்கும் பருத்த பகுதி படிந்திருக்கும் ஆழமற்ற பள்ளம், நொதியின் வால்முனை தன் இடத்தை விட்டு விலகியதால் மட்டுமே திறந்திருக்கிறது. விலகிய வால் ஓரிடத்தில் நிலைகொள்ளாததால் எக்ஸ்கதிர்த் தரவில் பதியவில்லை. ஆகவே படத்திலும் இல்லை. இப்பிணைப்பின் சூட்சுமமே அதுதான், ஆனால் படத்தை மட்டும் நம்புபவருக்கு அப்பள்ளம் எப்போதும் அங்கே காத்திருந்தது போலத் தோன்றும். அமினோ அமில வரிசையைக் காட்டும் பட்டையில் பதிவாகாத எச்சங்கள் (சங்கிலியிலுள்ள அமினோ அமிலங்கள்) குறிக்கப்பட்டிருந்தாலும், எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்தவர் கண்ணுக்கே அவை படும்.

இதற்கான மாற்று வழி தளத்திலேயே இருக்கிறது. நொதியின் இயல்பான வினையில் பங்குபெறும் எச்எம்ஜி, கோஏ, என்ஏடிபி ஆகிய மூலக்கூறுகளோடு அதே நொதி பிணைந்திருக்கும் 1டிகியூஏ பதிவை, இரு அமைப்புகளை ஒப்பிடும் கருவியில் இதன்மேல் பொருத்தினால், மருந்து இல்லாதபோது அந்த வால் எங்கே மடிந்திருந்தது என்பது புலனாகும். முதன்முறை வருபவரை இங்கே அழைத்துச் செல்லும் வழிகாட்டல்தான் பதிவுப் பக்கத்தில் இல்லை. மருந்து 117 என்ற குறியீட்டில் ஒளிந்திருப்பதும் தேடலைத் தாமதப்படுத்துகிறது.

தர அறிக்கை, இலவசப் பதிவிறக்கம் இரண்டிலும் குறை சொல்ல ஏதுமில்லை. மாணவர்கள் கணினித் திரையில் 1எச்டபிள்யூஎல் பதிவையும் உடன் திறந்துகொள்வது நல்லது. அதிலுள்ள மற்றொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டினும் அட்டோர்வாஸ்டாட்டினைப் போலவே செரின் 565உடன் கூடுதலாக ஒரு ஹைட்ரஜன் பிணைப்பை அமைத்துக்கொள்கிறது.