ஆய்வை மக்களுக்குச் சொல்லும் பயிற்சி: ஞாயிறு மாலைக்காகச் சேரலாம்

முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லப் பழக, புதுச்சேரியில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சி இது. கட்டணம் 1,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. ஞாயிறு மாலை ஒன்றுக்காகவே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். சனிக்கிழமைக்குக் கொடுக்க முடியாது.

சனி காலை முழுக்கக் கோட்பாட்டு வகுப்பு. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது மதியம் வரை இழுக்கிறது. பிற்பகலில் மூன்று நிமிடப் பேச்சு. 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிய போட்டியின் விதிகள்தான்: ஒரே ஸ்லைடு, அதில் எதுவும் அசையக் கூடாது, மூன்று நிமிடம் தாண்டினால் வெளியே. விதியில் குறையில்லை. ஆங்கிலத்தில் எழுதவைத்துவிட்டுப் பிறகு தமிழாக்கச் சொல்கிறார்கள், அங்கேதான் கோளாறு. ஆங்கிலத்தில் மூன்று நிமிடத்துக்கு 380 சொல் போகும். தமிழில் சொற்கள் நீளம்; 270ஐத் தாண்டினால் மூச்சு முட்டும். பாடநூல் மொழிபெயர்ப்பும் உள்ளே புகுந்துவிடும். கரையோரம் மணல் நகர்வதை ஒரு மாணவர் 'மணல் கடத்தல்' என்று எழுதியிருந்தார். கேட்பவர் மனதில் இரவில் ஓடும் லாரிதான் வரும். அதைத் திருத்திச் சொல்ல அன்று ஆளில்லை.

ஞாயிறு மாலை 6 மணி, வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பின் கடற்கரைச் சாலை. இருவர் இருவராகப் போய், நடைக்கு வந்தவர்களிடம் அனுமதி கேட்டுப் பேச வேண்டும். அதே மாணவர் ஒரு எவர்சில்வர் தட்டில் மணலும் ஒரு ஸ்கேலும் கொண்டுவந்திருந்தார். ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி மணலை ஒரு பக்கமாகத் தள்ளினார்: இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் தட்டு பளிச்சென்று தெரிந்தது. புதுச்சேரிக் கரையில் நடந்ததும் அதுதான். ஆண்டுக் கணக்கில் இங்கே மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய கல் தடுப்புகள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர, வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது. கல்லைக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றியதும் அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது.

பயிற்சியின் உயிர் அடுத்த கேள்வியில் இருக்கிறது. 'புரிஞ்சுதா?' என்று கேட்கவே கூடாது. மரியாதைக்காகவாவது 'புரிஞ்சுது தம்பி' என்பார்கள். 'வீட்டுல போய் இதை எப்பிடிச் சொல்லுவீங்க?' என்று கேட்டு, பதிலை அவர் வாய்மொழியிலேயே அட்டையில் எழுத வேண்டும். மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா சொன்னது: 'தூண்டில் வளைவு போட்டா அந்தாண்ட மணலு நிக்கும், இந்தாண்ட ஊரு போவும்.' தூண்டில் வளைவு என்பது கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு. பேச்சின் முதல் வரியாக அவர் சொன்னதையே வைக்கலாம்.

ஆனால் ஒரு மணி நேரத்தில் நாலைந்து பேரிடம்தான் பேச முடிகிறது, முதல் இருவரிடம் பேசுவது பதற்றத்திலேயே போய்விடுகிறது. திருத்திய பேச்சோடு மறுபடி இறங்க வாய்ப்பே இல்லை. சனி காலை வகுப்பை வெட்டி, அன்று மாலையே ஒரு சுற்று வைத்தால் இது சரியாகும்.

ஆய்வின் மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு சேருங்கள். அதற்கு முன் சொல்ல முடிவு ஒன்றும் கையில் இருக்காது. பேச்சை முதலிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். தட்டும் மணலும் போல, காட்ட ஒரு பொருளும் வேண்டும்.