மரக்கட்டை ரயிலானால்: மழலையர் பள்ளி முறைகள், ஓர் ஒப்பீடு

இரண்டரை வயதுக் குழந்தைக்கு நர்சரி தேடக் கிளம்பினால் பெயர்களே தலைசுற்ற வைக்கும். மாண்டிசோரி, வால்டார்ஃப், ரெஜியோ எமிலியா, ஹைஸ்கோப். அப்புறம் பெயர் எதுவும் இல்லாமல், சேர்ந்த மாதமே கையில் பென்சிலைக் கொடுத்துவிடும் பள்ளிகள். ‘குழந்தையை மையமாகக் கொண்ட கல்வி’ என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கும். அதை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது. நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். அடுக்குவதற்காக வைத்த மரக்கட்டைகளைக் குழந்தை வரிசையாக நிறுத்தி, ‘கூ’ என்று ரயில் ஓட்டுகிறது. அப்போது அந்த வகுப்பறை என்ன செய்கிறது?

மாண்டிசோரி வகுப்பில் அந்தக் கட்டைகள் ‘இளஞ்சிவப்புக் கோபுரமாக’ இருக்கலாம். 10 கனசதுரங்கள், சிறியது 1 செ.மீ., பெரியது 10 செ.மீ. எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். குழந்தையின் கவனம் அளவில் மட்டும் நிற்க வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். வரிசை தப்பினால் கோபுரமே காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை. ரயில் ஓடத் தொடங்கினால், பயிற்சி பெற்ற ஆசிரியர் அருகே வந்து அடுக்கும் விதத்தை மறுபடி காட்டுவார், அல்லது வேறு வேலைக்கு அழைத்துப் போவார். அதட்டல் இருக்காது. ஆனால் ரயில் நின்றுவிடும்.

இதற்குக் காரணம் உண்டு. 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, குழந்தைகள் பொம்மைகளை ஒதுக்கிவிட்டு நிஜ வேலைகளை நாடுவதைக் கண்டார். அதனால்தான் அங்கே தண்ணீர் ஊற்றுவது, மேசை துடைப்பது, பட்டன் போடுவது எல்லாம் பாடம். நல்ல பள்ளியில் ஏறக்குறைய 3 மணி நேரம் இடைமறிப்பில்லாமல் விட்டுவிடுவார்கள். ஒரே மூடியை இருபது தடவை திறந்து மூடும் குழந்தைக்கு இது சொர்க்கம். நாள் முழுக்கப் புலியாகவும் டாக்டராகவும் மாறிக்கொண்டே இருக்கும் குழந்தைக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம்.

வால்டார்ஃபில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே எந்தப் பொருளுக்கும் ‘சரியான’ பயன்பாடு கிடையாது. மரத்துண்டு, துணி, கம்பளி, கண்ணும் வாயும் வெறும் புள்ளியாக உள்ள பொம்மை. மிச்சத்தைக் குழந்தையே கற்பனையில் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் விளக்கம் சொல்வதில்லை. மாவு பிசைவார், தைப்பார். பார்த்துப் பார்த்துக் குழந்தையும் செய்யும். முறைப்படி எழுத்துக் கற்பது ஏறக்குறைய 7 வயதில்தான். வேறு பள்ளிக்கு 5 வயதில் மாற்றும் எண்ணம் இருந்தால் இந்த இடைவெளியை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக இதைத் தொடங்கிய ருடால்ஃப் ஸ்டைனருக்குத் தனி ஆன்மிகத் தத்துவம் ஒன்று இருந்தது. அது வகுப்பறைக்குள் எவ்வளவு வருகிறது என்று நேராகவே கேட்டுவிடலாம்.

ரெஜியோவில் ஆசிரியர் ரயிலைப் படம் எடுப்பார். குழந்தை சொன்னதை எழுதி வைப்பார். மறுநாள் அந்த மூலையில் சக்கரங்களும் நீளமான காகிதமும் வந்திருக்கும். ரயில் வாரக்கணக்கில் வளரும். வடஇத்தாலியின் ரெஜியோ எமிலியா அருகே ஒரு கிராமத்தார், 1945-ல் போர் முடிந்த கையோடு, ஜெர்மானியப் படை விட்டுப்போன பீரங்கி வண்டியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்றுக் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். கேள்விப்பட்டு வந்து சேர்ந்து, பிறகு இந்த முறையை வளர்த்தெடுத்தவர் லோரிஸ் மலகுஸி என்ற இளம் ஆசிரியர். எனக்குப் பிடித்த முறை இதுதான், நம்பிப் பணம் கட்ட அதிகம் தயங்குவதும் இதற்குத்தான். இதற்கென்று நிலையான பாடத்திட்டமோ சான்றிதழோ கிடையாது. எல்லாம் ஆசிரியர் கையில். அவர் சுமாராக இருந்தால் மிஞ்சுவது சுவரில் அழகான புகைப்படங்கள் மட்டும்.

ஹைஸ்கோப் நடுவழி. என்ன செய்யப்போகிறாய் என்று முதலில் கேட்பார்கள், செய்ய விடுவார்கள், முடிந்ததும் என்ன நடந்தது என்று பேசுவார்கள். நன்றாகப் பேசத் தொடங்கிய குழந்தைக்கு ஏற்றது.

பென்சில் பள்ளியில் ரயிலுக்கு நேரமே இல்லை. கட்டைகளை எண்ணச் சொல்வார்கள். சீக்கிரம் தொடங்கினால் முந்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை அமெரிக்காவின் டென்னசி மாநில ஆய்வு ஆட்டிப்பார்த்தது. குலுக்கலில் அரசு முன்பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகள் தொடக்கத்தில் முந்தினார்கள். ஆறாம் வகுப்பில், இடம் கிடைக்காதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள் என்று 2022-ல் முடிவு வெளியானது. ஏன் என்பதை ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் மூன்று வயதுக்கு முன் எழுத்து எழுத வைப்பதற்கு ஆதரவாக எனக்கு ஒரு வாதமும் கிடைக்கவில்லை.

மாண்டிசோரிக்கு ஆதரவான ஆய்வுகள் உண்டு. 2006-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஏஞ்சலின் லில்லார்டின் ஆய்விலும் குலுக்கல்தான். மாண்டிசோரியில் இடம் கிடைத்த 5 வயதுக் குழந்தைகள் எழுத்திலும் கணக்கிலும் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள். 2012-ல் அவரே செய்த இன்னொரு ஆய்வு பெற்றோருக்கு இன்னும் முக்கியம்: பொருட்களோடு ஒர்க்‌ஷீட்டையும் கலந்த வகுப்புகளைவிட, முறையை அப்படியே பின்பற்றிய வகுப்புகளில்தான் முன்னேற்றம் அதிகம். ‘மாண்டிசோரி’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் பலகையை நம்ப முடியாது. ஆசிரியர் எங்கே பயிற்சி பெற்றார், வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா, அந்த 3 மணி நேரம் உண்மையிலேயே கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுவரை முறையை இரண்டாவதாக வைப்பேன். ஓர் ஆசிரியருக்கு நான்கைந்து குழந்தைகள், அந்த ஆசிரியரும் அடிக்கடி மாறாதவர் என்றால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அங்கேயே சேர்ப்பேன். மூன்றுக்குப் பிறகு, ஒரே வேலையில் மூழ்கும் குழந்தைக்கு அசல் மாண்டிசோரி. கதையிலேயே வாழும் குழந்தைக்கு விளையாட்டுவழிப் பள்ளி, அல்லது ஆசிரியர்களை நேரில் பார்த்து நம்பிக்கை வந்தால் ரெஜியோ வழி. 7 வயதுவரை அங்கேயே தொடர முடிந்தால் மட்டும் வால்டார்ஃப்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது, பெற்றோர் குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்பும் காலை நேரத்தில் போங்கள். அழும் குழந்தையை யார் தூக்குகிறார்கள், எவ்வளவு நேரத்தில் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். கிளம்பும்முன், போன ஒரு வருடத்தில் எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த பள்ளிக்குப் போகலாம்.