மஜிக் ரெல்ம்: பாயில் விரியும் இருபது அறுகோணங்கள்

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரத்து அவலோன் ஹில் நிறுவனம் வெளியிட்ட ‘மஜிக் ரெல்ம்’ என்ற பலகை விளையாட்டு, மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருடங்களாகின்றன. ரொறன்ரோவில் வசிக்கும் அக்கா, யாரோ ஒருவர் வீடு மாறும்போது விற்ற பழைய பிரதியொன்றை வாங்கி அனுப்பினார். வாங்கிய விலையைவிடத் தபாற்செலவு கூடுதலாக இருந்தது. எல்லாம் குறைவின்றி இருக்கிறது என்று விற்றவர் உறுதி சொல்லியிருந்தாராம். நாங்கள் இரண்டு இரவுகள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது மூன்று வில்லைகளை, அதாவது ஆட்டத்துக்குரிய சிறு அட்டைத் துண்டுகளை, காணவில்லை. மருந்துப் பெட்டி மட்டையை அதே அளவில் வெட்டி, பேனையால் எழுதி அந்தக் குறையைத் தீர்த்தோம். அந்த மூன்றும் இன்றுவரை பாவனையில் உள்ளன.

நாற்பது வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு விளையாட்டை, அதுவும் கடைகளில் புதிதாகக் கிடைக்காத ஒன்றை, இப்போது மதிப்பிட்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கரம் பலகையும் டாம் பலகையும் தூசி படிந்து கிடக்கின்றன, அண்மைக் காலத்தில் வெளிவந்த அழகான விளையாட்டுப் பெட்டிகள் இரண்டு மூன்று முறை ஆடப்பட்டு அலமாரிக்கு ஏறிவிட்டன. விதிகள் இவ்வளவு சிக்கலான, அச்சு இவ்வளவு பொடியான இந்தப் பெட்டியைத்தான் ஒவ்வொரு மாரியிலும் யாராவது இறக்கச் சொல்கிறார்கள். ஏன் என்று நானே பல நாள் யோசித்திருக்கிறேன்.

இதனை உருவாக்கிய ரிச்சட் ஹம்ப்ளன், பின்னர் 1988இல் விண்வெளி வணிகத்தைப் பற்றிய ‘மேர்ச்சன்ற் ஒஃப் வீனஸ்’ என்ற விளையாட்டையும் அதே நிறுவனத்துக்காக வடிவமைத்தவர். அவலோன் ஹில் போர்க்கள விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனம், அறுகோணக் கட்டங்களில் படைகளை நகர்த்துவது அவர்களுடைய மரபு. அந்த மரபில் வந்த ஒருவர் வாளும் மந்திரமும் புதையலும் நிறைந்த உலகம் ஒன்றைப் படைத்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது மஜிக் ரெல்ம். கற்பனை முழுவதும் கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவன் எவ்வளவு பாரத்தைத் தூக்கலாம், அவனுடைய கோடரி எவ்வளவு தாமதமாக இறங்கும், எத்தனை முறை வீசினால் களைப்பான் என்பதெல்லாம் வில்லைகளில் எண்ணாகவும் எழுத்தாகவும் நட்சத்திரக் குறியாகவும் அச்சிடப்பட்டுள்ளன.

பெட்டிக்குள் மடித்த பலகை கிடையாது. இருபது பெரிய அறுகோண அட்டைகள் இருக்கின்றன, அவற்றை ஆட்டக்காரர்கள் முறைவைத்து ஒன்றோடொன்று பொருத்தி நிலத்தை உண்டாக்குகிறார்கள். எல்லைநிலம் என்ற அட்டை முதலில் நடுவே வைக்கப்படும், மற்றவற்றின் பாதைகள் அதனோடு தொடர்புபட வேண்டும். எங்கள் மேசை போதாததால் காத்தான்குடியில் வாங்கிய பன்பாயை விறாந்தையில் விரித்து அதன்மேல் அடுக்குகிறோம். அயல்வீட்டு அண்ணன் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு இந்த அடுக்கும் வேலையே முழு விளையாட்டு, பாதை ஒன்று முட்டுச்சந்தாக முடிந்தால் அதை யார் வைத்தார் என்று விசாரிக்காமல் விடமாட்டார். பாதைகள் சந்திக்கும் வட்டங்களை நாங்கள் ‘வெளி’ என்கிறோம். வயல்வெளிகளின் பெயரால் ஊர்கள் வழங்கும் பிரதேசத்தில் அதற்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வோர் அட்டைக்கும் மறுபக்கம் உண்டு. மந்திரம் தெரிந்த ஒருவர் அட்டையை மயக்கினால் அது திருப்பப்படும், அதே வெளிகள் இருக்க, அவற்றை இணைக்கும் பாதைகள் மட்டும் மாறிவிடும். மார்கழி வெள்ளத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. காலையில் சென்ற பாதை மாலையில் தண்ணீருக்குள் கிடக்கும் அனுபவம் எங்களுக்குப் பழகியதே.

ஆட்டம் இருபத்தெட்டு நாட்கள் கொண்ட ஒரு மாதம். ஒவ்வொரு நாளின் முதற்பகுதிக்கும் ‘பறவைகள் பாடும் வேளை’ என்று பொருள்படும் பெயரை ஹம்ப்ளன் இட்டிருக்கிறார். மீன் பாடும் ஊரில் இருந்துகொண்டு அந்தப் பெயரை முதன்முறை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. அந்த வேளையில் ஒவ்வொருவரும் அன்றைக்குச் செய்யப்போவதை மற்றவருக்குக் காட்டாமல் தாளில் எழுத வேண்டும். ஒளிதல், நடத்தல், தேடுதல், வியாபாரம், ஓய்வு, ஆயத்தமாதல், ஆள் அமர்த்தல், மயக்குதல், பின்தொடர்தல் என்பன பிரதானமான செயல்கள். நாங்கள் ‘ஒ, ந, ந, தே’ என்று சுருக்கி எழுதுகிறோம். எழுதி முடிந்த பிறகுதான் பகடை உருட்டப்பட்டு, அன்று எந்த இனத்து மிருகங்கள் நடமாடும் என்பது தெரியவரும். எழுதியதை அதன்பின் மாற்ற முடியாது. யாருடைய முறை முதலில் வரும் என்பதும் குலுக்கி எடுக்கும்வரை தெரியாது.

இந்த விளையாட்டின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. மற்றப் பல விளையாட்டுகளில் பகடையை உருட்டிவிட்டு என்ன செய்யலாம் என்று யோசிப்போம். இங்கே முதலில் வாக்குக் கொடுக்கிறோம், விளைவு பின்னால் வருகிறது. முழு ஆட்டத்துக்கும் அதே நியாயம்தான். தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் ஐந்து வெற்றிப் புள்ளிகளைத் தம் விருப்பப்படி பங்கிட்டு இரகசியமாக எழுதி வைக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு ஒரு பெரும்புதையல், அல்லது இரண்டு மந்திரங்கள், அல்லது புகழில் 10, அல்லது கெட்ட பெயரில் 20, அல்லது பொன்னில் 30 என்பது கணக்கு. எடுத்துக்கொண்டதைச் சேர்க்கத் தவறினால் குறைவு மூன்று மடங்காகக் கழிக்கப்படும். முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுகின்றவர்கள் கையிலுள்ள நான்கு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்கும் துணிச்சலை நினைத்துக்கொள்ளலாம், இங்கே அந்தக் கேள்வி ஒரு மாதம் முழுவதும் கழுத்தில் தொங்கும். புகழையும் கெட்ட பெயரையும் வெவ்வேறு நாணயங்களாகப் பிரித்து, இரண்டாலும் வெல்லலாம் என்று வைத்த குறும்பும் எனக்குப் பிடித்தமானது.

விதிகளின் சிக்கலுக்குப் பொருள் உண்டு என்பதைக் காட்ட ஓர் இரவைச் சொல்கிறேன். மருமகன் குள்ளனை எடுத்திருந்தான். ஆட்டத்திலுள்ள பதினாறு பாத்திரங்களுள் குள்ளனுக்குக் கால் கட்டை, ஆதலால் பகல் வெளிச்சத்தில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் மேலதிகச் செயல் வாய்ப்புகள் அவனுக்கு இல்லை. அதற்கு ஈடாக அவன் ஓய்வெடுத்தால் இரட்டிப்புப் பலன், குகைக்குள் தேடவும் ஒளியவும் ஒற்றைப் பகடை போதும். மற்றவர்கள் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும், சின்ன எண்ணே நல்லது. மருமகன் மலையட்டை ஒன்றின் வெளியில் நின்றுகொண்டு ‘ஒ, தே’ என்று எழுதியிருந்தான். காலைப் பகடையில் டிராகன்களின் வரிசை விழுந்தது. குகைக்கு வெளியே என்பதால் ஒளிவதற்கு உருட்டிய இரண்டு பகடைகளில் ஒன்று ஆறு காட்டியது, ஆறு வந்தால் ஒளிதல் தோல்வி. முறை முடிவில் அந்த அட்டையின் எச்சரிக்கை வில்லையைத் திருப்பியபோது ‘புகை’ என்றிருந்தது. மலையில் புகை என்றால் டிராகன்.

சண்டையில் அடிக்க மூன்று வழிகள், தப்ப மூன்று வழிகள். குத்தும் அடி முன்னே பாய்பவனைப் பிடிக்கும், பக்கவாட்டில் வீசும் அடி விலகுபவனைப் பிடிக்கும், மேலிருந்து இறங்கும் அடி குனிபவனைப் பிடிக்கும். திசை பொருந்தாவிட்டாலும் அடி வேகமாக இருந்தால் பட்டுவிடும். குள்ளனுக்கென்றே குனியும் வில்லை ஒன்று உண்டு, அவன் பெரும்பாலும் குனிந்துதான் தப்புவான். குனிபவனுக்கு ஆபத்து மேலிருந்து இறங்கும் அடி. அவன் ஆட்டத்தைத் தொடங்கும்போது கொண்டுவரும் ஒரே கவசம் தலைக்கவசம், அது தடுப்பதும் மேலிருந்து இறங்கும் அடியை மட்டுமே. அன்றிரவு மருமகன் குனிந்தான், டிராகனின் அடி மேலிருந்தே இறங்கியது, தலைக்கவசம் நொறுங்கியது, குள்ளன் ஒரு காயத்தோடு தப்பினான். அவன் உடனே விதிப்புத்தகத்தை மூடிவிட்டு, “மாமா, இந்த மனுசன் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் வச்சிருக்கிறான்” என்றான். அடுத்த சுற்றில் கவசம் இல்லை, குள்ளனும் இல்லை. இரண்டு வருடங்களாகியும் அந்தக் கதையை அவன் விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவன் வென்ற ஆட்டங்கள் எவருக்கும் நினைவில் இல்லை.

உயரமும் கால்நீளமும் கவசமும் பதுங்கும் வகையும் நான்கு தனித்தனி விதிகள். அவை ஒன்றுசேரும்போது குள்ளன் என்ற ஆள் கண்முன் நிற்கிறான். எளிமையாக்கப்பட்ட பிற்கால விளையாட்டுகள் ‘குள்ளன்: பாதுகாப்பு இரண்டு கூடுதல்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். அது விரைவானது, ஆனால் அந்த வரியிலிருந்து யாரும் கதை சொல்லப்போவதில்லை.

இவ்வளவு சொன்னபின் விதிப்புத்தகத்தைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. அது படிப்படியாகக் கற்பிக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்டது, ஆனால் ஒரே விடயம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரு சந்தேகத்தைத் தீர்க்கப் போனால் மூன்று புதிய சந்தேகங்களோடு திரும்ப வேண்டியிருக்கும். 1986இல் வந்த இரண்டாம் பதிப்பின் விதிகள் முதற்பதிப்பைவிடத் தெளிவானவை. எங்கள் பெட்டியில் இருந்தது முதலாவது, இரண்டாவதை இணையத்திலிருந்து எடுத்துக் கல்முனையில் அச்சடித்தோம். அதன்பின்னும் நான்கு மாதங்கள் சண்டை விதியைத் தவறாகவே ஆடினோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் நானே ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் முக்கியமான அட்டவணைகளைத் தமிழில் எழுதி வைத்தேன், இப்போது ஆட்டம் அந்தக் கொப்பியில்தான் ஓடுகிறது. ‘ரெல்ம்ஸ்பீக்’ என்ற இலவசக் கணினி நிரலும் இருக்கிறது. விதிகள் முழுவதையும் அது தானே கவனித்துக்கொள்வதால், தனியாக இருந்து பழக விரும்புகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. என்னைப் பொறுத்தவரை, கணினி கணக்குப் பார்க்கும்போது ஆட்டத்தின் பாதிச் சுவை போய்விடுகிறது. சண்டையில் ஒவ்வொரு வில்லையாக யோசித்து வைக்கும் பதற்றம் திரையில் வருவதில்லை.

மந்திரப் பகுதியை நாங்கள் இன்னும் முழுதாகக் கைவசப்படுத்தவில்லை. எட்டு வகை மந்திரங்கள், வெள்ளை, சாம்பல், பொன், ஊதா, கறுப்பு என ஐந்து நிறச் சக்திகள். மந்திரம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, உரிய வில்லையும் உரிய நிறமும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் கூடிவர வேண்டும். முகூர்த்தம் பார்ப்பது போலத்தான். சூனியக்காரியை எடுத்த அயல்வீட்டு அண்ணன் பதினாறு நாட்கள் நிறத்துக்காகக் காத்திருந்து, பதினேழாம் நாள் கோபத்தில் தேநீர் கேட்டு எழுந்து போனார்.

வேறு குறைகளும் உண்டு. அடுக்கி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆகும். ஆட்டம் முழுவதும் ஆட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேண்டும், சில வேளைகளில் அடுத்த ஞாயிறும் வேண்டும். ஒருவர் சண்டையிடும்போது மற்றவர்கள் கச்சான் உடைத்துக்கொண்டு பார்த்திருக்க நேரும். இரவு முழுவதும் வடமோடிக் கூத்துப் பார்த்த பரம்பரைக்கு இது பெரிய காரியமில்லை என்றாலும், இளையவர்களிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. ஒப்பனையும் ஓவியமும் இன்றைய கண்ணுக்கு மங்கலானவை. பொடி எழுத்துகளை வாசிக்க ஐம்பதைக் கடந்த எங்களுக்குக் கண்ணாடி மட்டும் போதாமல் உருப்பெருக்கியும் தேவைப்படுகிறது, மின்வெட்டு நாட்களில் ஆடுவதென்றால் நல்லதொரு சார்ஜர் விளக்கு கட்டாயம். வாவிக்கரை ஈரத்தில் அட்டைகள் வளைந்துவிடுவதால், மாத்திரைப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

அவலோன் ஹில்லின் விளையாட்டுகள் 1998இல் ஹஸ்ப்ரோ என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் கைக்குப் போயின. மஜிக் ரெல்ம் கடைகளில் புதிதாகக் கிடைக்காததால், வாங்க விரும்புகிறவர் பழைய பிரதியையே தேட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்வதாக இருந்தால், வில்லைகளை எண்ணி, படம் பிடித்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள். அட்டைகள் அறுகோண மூலைகளில் பிரிந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும், பெட்டி கிழிந்திருந்தால் கவலையில்லை. முதலில் நிரலில் பத்து நாட்கள் ஆடிப் பாருங்கள். மூன்றாம் நாளே சலிப்புத் தட்டினால் தபாற்செலவு மிச்சம். பத்தாம் நாள், செத்துப்போன உங்கள் ஆளைப் பற்றி வீட்டில் யாரிடமாவது சொல்லத் தோன்றினால் வாங்கலாம்.

எங்கள் பிரதியில் இப்போது எல்லைநிலத்தின் ஒரு மூலை நைந்துவிட்டது. ஒவ்வோர் ஆட்டத்திலும் முதலில் எடுக்கப்படுவது அதுதான். அண்ணன் அதற்கு ஒட்டுநாடா போட வேண்டும் என்கிறார், மருமகன் வேண்டாம் என்கிறான். இந்த மாரி மழை பிடித்ததும் முடிவெடுக்க வேண்டும்.