கிருஷ்ணகிரி ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ், இடியம்ஸ் பேட்ச் - 3 ஸ்டார்

இடியம்ஸ்னா இங்கிலீஷ் மரபுத்தொடருங்க, சொல்றது ஒண்ணு அர்த்தம் வேறயா இருக்கும். சனி ஞாயிறு மட்டும், மொத்தம் 12 கிளாஸ், 3,500 ரூபா. ரவுண்டானா பக்கம் ஒரு மாடில நடக்குது, கீழ ஜெராக்ஸ் கடை. பேரு வேணாங்க, குறையும் சொல்லப் போறேன்.

நான் ஏன் சேர்ந்தேன்னா, ஓசூர் கம்பெனில வேலை, ஒரு நாள் ஆன்லைன் மீட்டிங்ல மேனேஜர் "ஐ ஆம் அண்டர் த வெதர் டுடே"ன்னாரு, நானும் மரியாதைக்கு "யெஸ் சார், ஹியர் ஆல்சோ க்ளவுடி"ன்னு சொல்லிட்டேன், எல்லாரும் கப்சிப். அப்புறம் தான் தெரியுது மனுசனுக்கு ஒடம்பு முடியலையாம்.

சனிக்கெழம எடுக்கறவரு சுத்தம். ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்னா கொட்டற மழை, பீஸ் ஆஃப் கேக்னா ஈசி, எழுதிக்கோங்க, மனப்பாடம் பண்ணுங்க, அவ்ளோதான். எங்க ஆபீஸ்ல நாய் பூனை மழைய ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்ல. தெனமும் காதுல விழற "பால்பார்க் ஃபிகர்", "டச் பேஸ்" ரெண்டும் அவங்க குடுத்த ஜெராக்ஸ் புக்லயே கெடையாது, கேட்டா "அதெல்லாம் அமெரிக்கன் தம்பி"ன்னு முடிச்சிட்டாரு. அப்புறம் நானா போன்ல தேடிப் பாத்தேன், ரெண்டுமே பேஸ்பால் வெளையாட்டுல இருந்து வந்ததாம், மொதல்து தோராயமா ஒரு கணக்கு, ரெண்டாவது சும்மா ஒரு வார்த்தை பேசிக்கறது.

ஆனா ஞாயித்துக்கெழம வர்ற மேடம் இருக்காங்களே, அவங்களுக்காகத் தான் இந்த 3 ஸ்டாரே. மொதல்ல நம்ம பேச்ச சொல்லிட்டு அப்புறம் தான் இங்கிலீஷுக்கு வருவாங்க. நமக்கு ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, அவங்களுக்கு ரெண்டு குருவி. அத்தி பூத்தாப்லன்னு நாம சொல்றது தான் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன், ஒரே மாசத்துல ரெண்டாவதா வர்ற பௌர்ணமிக்கு ப்ளூ மூன்னு பேராம், 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு, நெலா ஒண்ணும் நீலமா இருக்காதுங்க. "கேரியிங் கோல்ஸ் டு நியூகேசில்" வந்தப்போ தான் கிளாஸே சிரிச்சுது. நியூகேசில் இங்கிலாந்துல அந்தக் காலத்துல நெலக்கரிக்குப் பேர் போன ஊரு, அங்கயே போய் கரி எறக்கறதாம். நம்ம கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதை தான். பின்னாடி பெஞ்சுல ஒரு அண்ணன் "கிருஷ்ணகிரிக்கே மாம்பழம் கொண்டாந்த மாதிரிங்களா மேடம்"னாரு, அதையே எல்லாரும் நோட்ல எழுதிக்கிட்டோம்.

எங்க யூஸ் பண்ணக்கூடாதுன்னும் சொல்லித் தந்தாங்க, அதான் எனக்கு ரொம்ப புடிச்சது. பிரேக் எ லெக்னா மேடை ஏறறவங்களுக்கு சொல்ற வாழ்த்து, ஆபரேஷனுக்குப் போறவங்ககிட்ட சொல்லி வெக்காதீங்கன்னாங்க.

மேடம் கிளாஸ் மட்டும் தனியா சேரலாமான்னு கிளாஸ் நடத்தறவங்ககிட்ட கேட்டேன், ரெண்டும் சேர்த்து தான் பேக்கேஜாம். சேர்றவங்க மேடம் இருக்காங்களான்னு கேட்டுட்டு பணம் கட்டுங்க. வண்டி நிறுத்த எடமில்ல, பஸ்ல வாங்க.